அரிதாரம் பூசிய தண்ணீர்

ஒரு சொல்லின் கதையோடு இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

க.பொ.த. உயர்தர வகுப்பில் மட்டக்களப்புக் கூத்துமரபு பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அரிதாரம் பூசிய கூத்தர் வட்டக்களரிக்கு வரும் காட்சியை விவரித்தபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். “அரிதாரம் எண்டா என்ன சேர்?” என்று கேட்டாள். ஒப்பனை என்றேன். “அது தெரியும் சேர். அந்தக் காலத்தில அத எதால செஞ்சாங்க?” என்றாள். வகுப்பில் விடை சொல்ல முடியவில்லை. நாளை சொல்கிறேன் என்று சமாளித்தேன். இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கும் நான், நூறு முறை உச்சரித்த ஒரு சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறையேனும் எட்டிப் பார்த்ததில்லை என்பது அன்று உறைத்தது.

அன்றிரவு அகராதியைப் புரட்டியபோது, படுவான்கரையில் என் தாயாரின் ஊரிலே சிறுவயதில் கண்ட ஒரு காட்சி மனதில் எழுந்தது. அரங்கேற்ற நாளின் அந்தியில் அண்ணாவியார் கூத்தருக்கு முகம் எழுதிக்கொண்டிருப்பார். நாங்கள் சிறுவர்கள் சுற்றி நின்று சிரட்டையில் குழைத்த மஞ்சளைத் தொட்டுப் பார்ப்போம். “கை கழுவாமச் சோத்துல கை வையாத மனே, அது பாசாணம்” என்று அவர் அதட்டுவார். எங்கள் காலத்தில் அது கடையில் வாங்கிய வெறும் வர்ணப் பொடிதான். ஆனால் பழைய பொருள் மறைந்த பின்னரும் அதன் பெயர் தங்கியதுபோல, அதைப் பற்றிய அச்சமும் அந்த முதியவரின் நாவில் தங்கியிருந்தது. அவர் தம் ஆசானிடம் கேட்டதை எங்களிடம் சொன்னார் போலும்.

அரிதாரம் என்பது மஞ்சள் நிறமான ஒரு கல். வடமொழியில் ஹரிதாலம், நம் சித்த வைத்தியர்கள் அதனைத் தாளகம் என்றும் அழைப்பர். அதன் செந்நிற உடன்பிறப்பு மனோசிலை. இவ்விரண்டும் ஆசனிக் என்னும் மூலகமும் கந்தகமும் சேர்ந்தவை. இக்கற்களைச் சுட்டுப் பெறும் வெண்பொடியே வெள்ளைப் பாஷாணம். மூன்றிலும் கொடியது அதுதான். ஏனெனில் கந்தகம் சேர்ந்த கற்கள் நீரில் எளிதிற் கரைவதில்லை, வெண்பொடி கரையும். கரைந்த பின்னர் நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையும் தெரிவதில்லை. மேனாட்டார் வழங்கும் ஆசனிக் என்ற பெயரும் பொன்னிறம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து கிரேக்க மொழி வழியாக வந்ததே. மேற்கிலும் கிழக்கிலும் மனிதன் இந்நஞ்சுக்கு அதன் அழகைக் கண்டே பெயரிட்டான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அழகாய் வந்த அது மருந்தாயும் வந்தது. சித்தர் நூல்கள் பாஷாணங்களை 64 என வகுத்து, 32 இயற்கையிற் பிறந்தவை என்றும் 32 மனிதர் வைத்து எடுத்தவை என்றும் கூறும். சுத்தி செய்யாது எதனையும் தொடலாகாது என்பது அவர்கள் விதி. பழனி மலையிலே போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி முருகன் திருவுருவை ஆக்கினார் என்ற ஐதீகமும் இந்த மரபிலே பிறந்ததே. நஞ்சையும் அளவறிந்து ஆண்டால் மருந்தாகும் என்ற அவ்வெண்ணம் வெறும் கற்பனையன்று. சீனாவின் ஹார்பின் நகர வைத்தியர்கள் 1970களில் வெள்ளைப் பாஷாணத்தைக் கொண்டு ஒருவகை இரத்தப் புற்றுநோயைத் தணிக்கக் கண்டனர். இன்று அது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சையாகும். அளவறியாத இடத்திலேதான் துன்பம் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் தோமஸ் பவுலர் என்ற வைத்தியர் 1786இல் ஆசனிக் கரைசல் ஒன்றை வெளியிட்டார். காய்ச்சலுக்கு அது, தோல் வியாதிக்கு அது, தொய்வுக்கும் அது என்று நூறாண்டுக்கு மேலாக மக்கள் அதனைத் துளித்துளியாய்க் குடித்தனர். குடித்தவர் சாகவில்லை, பலருக்குச் சுகமும் கிடைத்தது. ஆனால் 1880களில் ஜொனதன் ஹட்சின்சன் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். தோல் நோய்க்காக ஆண்டுக்கணக்கில் அம்மருந்தை உண்டவர்களின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்கள் தடித்து, அவற்றிற் சில புற்றாக மாறியிருந்தன. குணமாக்க வந்த துளியே மெல்ல மெல்லக் கொன்றது என்பதை முதலிற் கண்டவர்களில் அவர் ஒருவர்.

அரசரைக் கொல்லும் நஞ்சு என்ற பெயர் ஆசனிக்குக்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. உணவில் இட்டால் வாந்திபேதியென்று உலகம் நினைக்கும், கொலையாளி தப்பிவிடுவான். ஜேம்ஸ் மார்ஷ் என்ற இரசாயன அறிஞர் 1836இல் மிகச் சிறிதளவு ஆசனிக்கையும் காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்றை வகுத்த பின்னர் நஞ்சிட்டவர்கள் நீதிமன்றத்தில் அகப்பட்டனர். ஒரே தடவையில் கொல்லும் நஞ்சுக்கு இவ்வாறு சாட்சி கிடைத்தது. பத்து, இருபது ஆண்டுகளாக ஊறிக் கொல்லும் நஞ்சுக்கு யார் சாட்சி? எந்த நீதிமன்றம்?

1900ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் தொழிலாளர்கள் கைகால் மரத்து, தோல் கறுத்து ஆஸ்பத்திரிகளை நிறைத்தனர். குடிகாரர்களுக்கு வரும் நரம்பு வியாதி என்று வைத்தியர்கள் முடிவுகட்டினர். ஏர்னஸ்ட் ரெனோல்ட்ஸ் என்பவர் மட்டும், கடுஞ்சாராயம் குடிப்பவரை விட்டுவிட்டு பியர் குடிப்பவரை மட்டும் இந்நோய் பிடிப்பானேன் என்று கேட்டார். பியர் வடிக்கச் சேர்த்த சீனி சல்பூரிக்கமிலத்தாற் செய்யப்பட்டது. அந்த அமிலத்தில் ஆசனிக் இருந்தது. 6,000 பேருக்கு மேல் நோயுற்றனர்; சுமார் 70 பேர் மாண்டனர். ஏழைகளின் ஒழுக்கத்தைக் குறை சொல்வதில் காட்டிய அவசரத்தைப் பியரைச் சோதிப்பதிற் காட்டியிருந்தால் பலர் பிழைத்திருப்பர்.

இதுவரை சொன்னவை மனிதன் கையாற் கலந்தவை. இனி, நிலமே கலந்து கொடுத்த கதைக்கு வருவோம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு நெருங்கிய கதை இதுதான்.

தாய்வான் தீவின் தென்மேற்குக் கரையில் ஆழமில்லாத கிணறுகளில் உப்புநீர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கரையோர மக்கள் நிலத்தை ஆழத் துளைத்து நன்னீர் எடுத்தார்கள். உப்பில்லாத தண்ணீர் கிடைத்ததென்று ஊரே மகிழ்ந்தது. ஆண்டுகள் சென்றன. பலருக்குக் கால் விரல்கள் மரத்து, கறுத்து, அழுகி உதிர்ந்தன. கறுப்புக் கால் நோய் என்று அதற்குப் பெயர் வந்தது. 1960களில் அங்கு 40,421 பேரைப் பரிசோதித்த ஆய்வொன்று, கிணற்று நீரில் ஆசனிக் கூடக்கூடத் தோற் புற்றுநோயும் கூடுவதைக் காட்டிற்று. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் அன்ரோபகஸ்ரா நகரத்தவர் 1958 முதல் ஆசனிக் மிகுந்த ஆற்றுநீரைக் குழாய் வழியே குடித்தனர். 1970 அளவில் சுத்திகரிப்பு நிலையம் வந்து தண்ணீர் திருந்தியது. ஆனால் 20 ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நகரத்தவர் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களால் மற்ற ஊரவரைவிட அதிகமாய் இறந்துகொண்டிருந்தனர். குடிப்பதை நிறுத்தினாலும் குடித்தது நிற்பதில்லை.

இவற்றையெல்லாம் சிறிதாக்கியது வங்காளத்தின் துயரம். குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து அங்கே பெருந்தொகைக் குழந்தைகள் வயிற்றோட்டத்தாலும் கொலராவாலும் மடிந்தார்கள். அவர்களைக் காக்கவென்று 1970கள் முதல் யுனிசெப் முதலிய நிறுவனங்களின் உதவியோடு பங்களாதேஷில் குழாய்க் கிணறுகள் அடிக்கப்பட்டன. பின்னர் சனங்களே தம் காசில் இலட்சக்கணக்கில் அடித்துக்கொண்டனர். வீட்டு முற்றத்தில் கைப்பம்பு நிற்பது அந்தக் குடும்பத்தின் பெருமையானது. பெண் கொடுக்க வருபவர்களும் அதைப் பார்த்தனர் என்பார்கள். குழந்தைச் சாவு குறைந்தது; அதில் பொய்யில்லை.

ஆனால் இமயத்திலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டலிலே, இரும்புத் துரு போர்த்த மணலில், ஆசனிக் ஒட்டிக்கிடந்தது. காற்றுப் படாத ஆழத்தில் மக்கிய இலைதழையை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைத்தன. துருவோடு ஆசனிக்கும் தண்ணீருக்குள் இறங்கிற்று. எவரும் நஞ்சிடவில்லை. நிலத்தின் இயல்பே அது. கைப்பம்பு அதைத் தேடிப் போய் எடுத்துவந்தது.

1983 ஜூலையில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கூடத்துக்கு இருபத்துநான்கு பர்கானாக்கள் மாவட்டத்துக் கிராமவாசி ஒருவர் தோல் நோயோடு வந்தார். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த புழுதிபோலக் கறுப்பும் வெளுப்புமான புள்ளிகள். உள்ளங்கையில் முளைபோன்ற காய்கள். தோல் வைத்தியர் கே. சி. சாஹா அவரது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் வெளிப்பட்டது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988 முதல் 2018இல் மறையும் வரை ஊரூராய்ச் சென்று தண்ணீரையும் மக்களின் தலைமயிரையும் நகத்தையும் சோதித்தார். உடலிற் சேர்ந்த ஆசனிக்கை நகமும் மயிரும் மறைப்பதில்லை. பங்களாதேஷில் 1993இல் முதன்முதலாக நஞ்சு உறுதிசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டு உலக சுகாதார தாபனத்தின் ஏட்டில் வந்த கட்டுரை ஒன்று, வரலாற்றில் ஒரு மக்கட்கூட்டத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் இதுவே என்றது. ஆபத்துக்கு உள்ளானோர் 350 இலட்சத்துக்கும் 770 இலட்சத்துக்கும் இடைப்பட்டோர் என அது மதிப்பிட்டது.

உலக சுகாதார தாபனம் 1993இல் குடிநீரில் ஆசனிக்கின் எல்லையை ஒரு லீற்றருக்கு 50 மைக்கிரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. பங்களாதேஷிலோ ஆழங்குறைந்த குழாய்க் கிணறுகளில் நூற்றுக்கு 27 அந்தப் பழைய 50ஐயும் தாண்டியிருந்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் இது போகாது. நீர் ஆவியாகக் குறைய, நஞ்சு செறிவாகும். நோயும் ஒரே நாளில் வருவதன்று. முதலில் தோலிற் புள்ளி, பிறகு கை கால்களிற் காய், பின்னர் விறைப்பு, இருமல், ஈரலின் வீக்கம். பலவாண்டு கழித்துத் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று. இருதய நோயும் கூடும். வளரும் பிள்ளைகளின் அறிவும் மங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

உடல் நோயிலும் கொடியது ஊரின் வாய். கைகளைக் கண்டவர்கள் குஷ்டம் என்றனர். பெண்களுக்குக் கலியாணம் தவறிற்று. கட்டியவர்களிற் சிலர் தாய் வீட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நட்புக்காக நஞ்சென்று தெரிந்தே அருந்துபவரின் பெருந்தன்மையைத் திருக்குறள் போற்றும். இந்தப் பெண்கள் எதுவும் தெரிந்து அருந்தவில்லை. நல்ல தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி அருந்தினார்கள்.

1992இல் பிரித்தானியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பங்களாதேஷின் கிணறுகள் சிலவற்றின் நீரைப் பல மூலகங்களுக்காகச் சோதித்தது. ஆசனிக்குக்காகச் சோதிக்கவில்லை. பின்னாளில் நோயுற்ற கிராமவாசி ஒருவர் இலண்டனில் வழக்காடினார். அந்நிறுவனத்துக்கு அவர்பால் சட்டக் கடமை எதுவும் இருக்கவில்லை என்று பிரபுக்கள் சபை 2006இல் வழக்கைத் தள்ளிற்று. சட்டத்தின் நியாயம் சட்டத்தோடு. என் மனதை அறுப்பது வேறொன்று. அத்தனை படித்தவர்களும் அத்தனை நல்லெண்ணமும் கூடிய இடத்தில், அந்த ஒரு கேள்வியைப் பல்லாண்டுகளாக ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட பிறகுதான் ஏறக்குறைய 50 இலட்சம் கைப்பம்புகள் சோதிக்கப்பட்டு, தீயவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். தண்ணீரின் அரிதாரத்தைக் கலைத்து அதன் உண்மை முகத்தைக் காட்டிய பூச்சு அது.

நேயர்களே, இக்கதையை நான் ஏன் இங்கே சொல்கிறேன்? 2004 டிசம்பர் 26இல் கடல் நம் எழுவான்கரை ஊர்களுக்குள் புகுந்து போன பின்னர் எங்கள் கிணறுகளெல்லாம் உப்பாயின. சில மாதங்களில் உதவிக்கு வந்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் ஒரு கைப்பம்பு போட்டுத் தந்தார்கள். நான் அப்போது பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்தவன்; ஒழுங்கைக்கு நானே படித்தவன். பக்கத்து வீட்டு மாமி குடத்தோடு வந்து, “தம்பி, இந்தத் தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டார். நான் ஒரு சிரட்டையில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிபோல இருந்தது. “தெளிவாத்தானே இருக்கு, குடிங்க மாமி” என்றேன். என் சொல்லை நம்பி ஒழுங்கையே குடித்தது. இழப்பின் நடுவே கைகொடுத்தவர்களிடம் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்றும் அன்று எண்ணினேன்.

வங்காளத்தின் கதையை வாசித்த இரவில் அந்தச் சிரட்டைத் தண்ணீர்தான் கண்முன் நின்றது. வங்காளத்தின் நிலம் வேறு, நம் நிலம் வேறு. இது இமயத்து வண்டலன்று. வீண் பீதியைக் கிளப்புவதும் பாவமே. 1990கள் முதல் வடமத்திய மாகாணத்தில் பதவியா, மதவாச்சிப் பகுதிகளின் விவசாயிகளைச் சிறுநீரக நோய் வாட்டி வருவதை அறிவீர்கள். ஆசனிக்கே காரணம் என்று 2011இல் எழுந்த கருத்து நாட்டைக் கலக்கிற்று. ஆனால் அரசும் உலக சுகாதார தாபனமும் நடத்தி 2013இல் வெளிவந்த ஆய்வில், அப்பகுதிக் குடிநீர் மாதிரிகளிற் பெரும்பாலானவற்றில் ஆசனிக் எல்லைக்குள்ளேயே காணப்பட்டது. கேட்காமல் நம்புவது ஒரு பிழையென்றால், அளக்காமற் பழிசொல்வது இன்னொரு பிழை.

ஆகவே அளந்து பார்ப்பதென்று முடிவுசெய்தேன். இரண்டு போத்தல்களில் அந்தக் கைப்பம்பின் நீரைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். விடை வரும்வரை உறக்கமில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேலாக எத்தனை குடம், எத்தனை பிள்ளைகளின் பாற்போத்தல் என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆசனிக் எல்லைக்குள் இருக்கிறது என்று தாள் வந்தபோது விம்மலாக ஒரு மூச்சு வந்தது. ஆனால் அதே தாளின் கீழே நைத்திரேற்று கூடுதல் என்றிருந்தது. நம் மணல் நிலத்தில் மலசலகூடக் குழியும் பசளையும் கிணற்றோடு கலப்பதால் வருவது அது. கைக்குழந்தைகளுக்கு ஆகாது. நான் பயந்த நஞ்சு இருக்கவில்லை. நினைத்தே பார்த்திராத ஒன்று இருந்தது. சோதிக்காவிட்டால் இரண்டையும் அறிந்திருக்கமாட்டேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். குளிக்க, துவைக்க அந்த நீர். குடிக்கவும் பிள்ளைக்குப் பால் கரைக்கவும் குழாய் நீர் என்று சொன்னேன். மாமி இப்போது இல்லை. வயது சென்று, பேரப்பிள்ளைகளைக் கண்டுதான் கண்மூடினார். அவருடைய மகள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இத அண்டைக்கே பாத்திருக்கலாமே அண்ணா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் அரிதாரத்தின் கதையை முழுவதும் சொன்னேன். கேள்வி கேட்ட அந்த மாணவி தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை அடுத்த வாரம் ஒரு போத்தலில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. “குடிக்கலாமா சேர்?” என்று கேட்டாள்.

“பாத்துச் சொல்றன் மகள்” என்றேன்.